ஒப்படைக்க ஆள் இல்லாத கப்பல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டின் கடைசியில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பெரியப்பா குடியிருந்த அடுக்குமாடியில் மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்தது. அவர் வீட்டு உட்கூரை ஊறிக் கீழே விழுந்தது.
2. பழுதுபார்த்து முடியும்வரை தங்குவதற்குக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.
3. அவருடைய தம்பியான என் அப்பா அவரோடு நேருக்கு நேர் பேசவில்லை.
4. தீபாவளிக்கு முதல் நாள் தாத்தாவுக்குப் படையல் போட்டோம். கற்பூரம் காட்டியது அப்பா. மூத்த மகனான பெரியப்பா செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார்.
5. தீபாவளியன்று, பெரியப்பாவோடு ஒரே கப்பலில் வேலை செய்த ஒருவர் விருந்துக்கு வந்தார்.
6. டிசம்பரில் எல்லோரும் கேரி தீவுக்குப் போனோம்.

துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏதாவது நின்றுபோனால் முதலில் இப்படித்தான் எழுதிக்கொள்வோம். காரணத்தைப் பிறகு தேடுவோம். மீதியை, அந்த இணைப்பு வீடுகளில் என்னோடு வளர்ந்த உங்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் அவரைக் ‘கேப்டன் அங்கிள்’ என்று கூப்பிட்டீர்கள். பின்சந்தில் நாம் பூப்பந்து ஆடுவதற்குச் சுண்ணாம்பால் அவர் கோடு போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கோணாமல் நேராகப் போன அந்தக் கோட்டை மழை அழிக்க ஒரு மாதம் ஆனது. ஆனால் வீட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பெரியப்பா கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினார். அவரை அழைத்துவரப் போனது அம்மாவும் நானும். கடற்படையில் அத்தனை வருடம் இருந்த மனிதருக்கு ஒரே ஒரு துணிப்பை. சட்டைகளை மடிக்காமல் சுருட்டி வைத்திருந்தார். சுருட்டினால் இடமும் மிச்சம், கசங்கவும் கசங்காது என்றார். இன்றுவரை நான் அப்படித்தான் வைக்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றியபின் குதிகால்களைச் சேர்த்து ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கடைக்குப் போய் ரொட்டி வாங்கிவந்தாலும் அந்த ஒரு கணம் உண்டு. கப்பலில் ஏறும்போது மரியாதை செய்து ஏறிய பழக்கம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது அத்தை அதற்கு வேறு காரணம் வைத்திருந்தார்.

“பாத்தியா, தம்பி வீட்டுக்குள்ள கால வெக்க யோசிக்கிறாரு உங்க பெரியப்பா. பெரிய ஆளு லா.”

அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பிறந்தவர். பக்கத்துத் தாமானில், அடுத்த குடியிருப்புப் பகுதியில், இருந்தார். எங்கள் வீட்டு விஷயம் எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்பா ஒரு லோரி நிறுவனத்தில் மேற்பார்வையாளர். வேலை முடிந்து வந்தால் பெரியப்பா இருக்கும் கூடத்தைக் கடந்து நேரே குளியலறைக்குப் போவார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் வழியாகச் சொல்வார்.

“பாப்பா, பெரியப்பாவுக்கு மீன் இன்னொரு துண்டு வேணுமானு கேளு.”

பெரியப்பா அதே மேசையில், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். “போதும்னு சொல்லும்மா” என்பார். நான் திரும்பிச் சொல்வேன். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கோபத்துக்குக் காரணம் தாத்தாவின் சாவு. நான் பிறப்பதற்குப் பல வருடம் முன்பு நடந்தது. தாத்தா கேரி தீவுத் தோட்டத்தில் படகோட்டி. பாலம் வராத காலத்தில் தீவுப் பிள்ளைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடைநிலைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். பெரியப்பாவும் அந்தப் படகில் போனவர்தான். ஐந்தாம் படிவம் முடித்ததும் கடற்படைப் பயிற்சிக்கு மனுப் போட்டார். அந்தத் தோட்டத்திலிருந்து அதிகாரியாகப் போன முதல் ஆள். ரோந்துக் கப்பல்களில் ஏறி இறங்கி, இரண்டு கப்பல்களுக்குத் தலைவராக இருந்து, கடைசியில் கோலாலம்பூர்த் தலைமையகத்தில் ஒரு பெரிய மேசைக்கு வந்து ஓய்வு பெற்றார். பெரியம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

தாத்தா இறந்தபோது பெரியப்பா சபா பக்கம் நடுக்கடலில், ஒரு கப்பலின் தலைவராக இருந்தார். அப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும். அவர் வரவில்லை. இளையவரான அப்பா மொட்டையடித்து, மீசையை எடுத்து, கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியப்பா லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து நேராக வந்தார், வெள்ளைச் சீருடையில். தாத்தாவின் படத்துக்கு முன்னால் எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றாமல், நின்றபடி, சல்யூட் அடித்தார்.

அத்தை இதைச் சொல்லும்போது எழுந்து நின்று நடித்தே காட்டுவார். “பெத்த அப்பனுக்குக் குனியல. சல்யூட்டு! எங்கப்பா என்ன மந்திரியா?”

எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்ததும் இவ்வளவுதான். பெரியப்பா எதற்கும் பதில் சொன்னதில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம் வீடு முழுக்க எண்ணெய் வாசம். பெரியப்பா சும்மா இருக்க மாட்டார். அம்மாவின் குத்துவிளக்கை எடுத்துவைத்து, கப்பலில் பித்தளைக்குப் போடும் பாலிஷைத் தேய்த்தார்.

“மாமா, அதுக்குப் புளிதான் போடணும். சாமி விளக்கு மண்ணெண்ணெய் மாதிரி நாறுது.” அம்மா முகம் சுளித்தார்.

“மினுங்குதாம்மா?”

“மினுங்குது.”

“அப்பறம் என்ன.”

முறுக்கு சுடும் நாளில்தான் அந்த விதி வந்தது. வாசலில் கேஸ்காரர் கூப்பிட, பெரியப்பா பார்த்துக்கொள்வார் என்று அம்மா போனார். அம்மா திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துப் பெரியப்பா மாவு எடுக்கத் திரும்பினார். ஒரு ஈடு முழுக்கக் கரி. அம்மா மன்னிப்புக் கேட்க, பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தப்பு யார் மேலயும் இல்ல. ஒப்படைக்கல, அவ்ளோதான்.”

கப்பலைச் செலுத்தும் பொறுப்பில் இருப்பவர் சும்மா எழுந்து போய்விட முடியாது என்று விளக்கினார். அடுத்தவரிடம் வாய்விட்டு ‘ஒப்படைத்தேன்’ என்று சொல்ல வேண்டும். அவர் வாய்விட்டு ‘எடுத்துக்கொண்டேன்’ என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. அந்தச் சொல் வரும்வரை கப்பல் முதல் ஆளுடையது. மோதினாலும் கரைதட்டினாலும் அவர் தலையில்தான் விடியும். எடுத்துக்கொள்கிறவருக்கு அதற்கான தகுதியும் இருக்க வேண்டும். இல்லாதவரிடம் சொன்னால் அது ஒப்படைப்பே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் அடுப்படி கப்பலானது. “மாமா, ஒப்படைச்சேன்.” “எடுத்துக்கிட்டேன்மா.” நீங்களும் இதைப் பிடித்துக்கொண்டீர்கள். சைக்கிளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கும் பூப்பந்து மட்டையைக் கொடுப்பதற்கும் பின்சந்து முழுக்க ‘ஒப்படைச்சேன், எடுத்துக்கிட்டேன்’ என்று கத்திக்கொண்டு திரிந்தோம். அப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

“இது வீடு. கப்பல் இல்லனு சொல்லு பாப்பா.”

நான் சொல்லப் போகவில்லை. பெரியப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

படையலுக்கு முதல் நாள் சாயங்காலம் துணி காயப்போடும் இடத்தில் பெரியப்பா அம்மாவிடம் பேசியதை நான் கேட்டேன். நான் வாளிக்குப் பின்னால் கிளிப்புகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு தடவ போதும்மா. அப்பாவுக்கு என் கையால. தம்பிகிட்ட நீங்க கேட்டுப் பாருங்க. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க.”

அம்மா கேட்டார். அப்பா சட்டை மாட்டியபடியே பதில் சொன்னார், கூடத்துக்குக் கேட்கும் குரலில்.

“இத்தன வருஷம் யாரு செஞ்சா? கொள்ளி வெச்சவன் செய்வான். கப்பல்காரருக்கு ஆயிரம் வேல இருக்கும்.”

மறுநாள் படையலில் கோழிக்குழம்பு, நெத்திலி வறுவல், டின் பால் போட்ட டீ, தாத்தா குடித்த கறுப்பு பீர் ஒரு போத்தல், ஒரு பொட்டலம் புகையிலை எல்லாம் வைத்தோம். அப்பா கற்பூரம் காட்டினார். பெரியப்பா வாசல் ஓரம், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், கைகள் உடம்போடு ஒட்டி நின்றார். அவரைத் தவிர எல்லோரும் முன்னால் வந்து விழுந்தோம். திருநீற்றுத் தட்டை அவரிடம் கொண்டுபோனது நான். குனிந்து நெற்றியைக் காட்டினார்.

“டீயில பால் தூக்கலா போட்டாங்களா? தாத்தாவுக்கு அப்படித்தான் வேணும்.”

போட்டார்கள் என்றேன்.

தீபாவளியன்று மத்தியானம் வாசலில் ஒரு பழைய கார் நின்றது. வயதான மலாய்க்காரர் ஒருவர், மனைவியோடு, இரண்டு கைகளிலும் பிஸ்கட் டப்பாக்களோடு இறங்கினார். பெரியப்பாவைப் பார்த்ததும் டப்பாக்களோடு நிமிர்ந்து நின்றார். “துவான்!” ஐயா என்று பொருள். பெரியப்பா சிரித்து அன்றுதான் பார்த்தேன். பல் தெரிந்தது.

வந்தவர் கப்பலில் இயந்திர அறைக்காரர். கப்பலில் முடிவெட்டத் தனியாக ஆள் கிடையாதாம். கை வந்தவர் யாராவது செய்ய வேண்டும். அந்தக் கப்பலில் அது அவர்தான். அம்மா கோழியும் நெய்ச்சோறும் வைத்தார். அத்தை முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே விசாரித்தார். பேச்செல்லாம் மலாயில். அப்பா மரியாதைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

வந்தவரின் மனைவி காரில் மறந்துவந்த கைப்பையை எடுக்கப் பெரியப்பா போன நேரம், வந்தவர் சுவரில் மாலை போட்டிருந்த தாத்தாவின் படத்தைப் பார்த்தார்.

“இவர்தானா துவானின் அப்பா? இவருக்காகத்தான் அன்றைக்கு நான் துவானுக்கு மொட்டையடித்தேன்.”

அத்தையின் கையில் தட்டு அப்படியே நின்றது. “எப்போ?”

“செய்தி வந்த அன்றைக்கு. மழைக்காலம். பெரிய அலை. பழுதான மீன்படகு ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தோம், அதில் ஆட்கள் இருந்தார்கள். தலைமையகம் ஹெலிகாப்டர் அனுப்பவா என்று கேட்டது. துவான் வேண்டாம் என்றார்.”

“கேட்டியா தம்பி?” அத்தை தமிழுக்குத் தாவினார். “வர முடிஞ்சிருக்கு! முடிஞ்சும் வரல!”

வந்தவருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் முகம் புரிந்தது. அவசரமாக அவர் சொன்னார்: “இரண்டாவது அதிகாரிக்குக் குடல்வால் வீங்கி, அதற்கு முன்பே கரையில் இறக்கிவிட்டோம். மிச்சம் இருந்தவர்கள் சின்னப் பையன்கள். அந்தக் கடலில், அந்தப் படகை இழுத்துக்கொண்டு, கப்பலை யாரிடம் கொடுப்பது? ஒப்படைக்க ஆள் இல்லை. துவான் என்னைக் கூப்பிட்டு, போத்தாக் அடி, மீசையையும் எடு என்றார். மொட்டை.”

அத்தை முறுக்குத் தட்டை மேசையில் வைத்தார்.

“நாற்காலியை அவரே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஏன் என்றேன். அந்தப் பக்கம் என் தீவு என்றார். சுற்றிலும் தண்ணீர்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.”

பெரியப்பா கைப்பையோடு வாசலுக்கு வந்து, வழக்கம்போல ஒரு கணம் நின்று, உள்ளே வந்தார். நாங்கள் எல்லோரும் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விருந்தாளிகள் போனபின் அம்மா அலமாரியிலிருந்து படத்தொகுப்பை எடுத்துவந்தார். பதினாறாம் நாள் படம். நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதில் எல்லோர் கண்ணும் போவது அந்த வெள்ளைச் சீருடைக்குத்தான். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தது, தொப்பி மடியில் இருந்தது. அம்மா விரலை வைத்துக் காட்டினார். பெரியப்பாவின் தலையிலும் அப்பாவின் தலையிலும் ஒரே அளவு முடி, அரிசி அளவு. இருவருக்கும் மீசை இல்லை. வேறு எந்தப் படத்திலும் பெரியப்பா மீசை இல்லாமல் இல்லை.

பட்டாளத்துக்காரர் என்றால் முடி ஒட்ட வெட்டித்தான் இருக்கும் என்று ஒரு வீடே நினைத்துக்கொண்டது. முடியைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

அத்தைதான் கேட்டார், குரல் இறங்கி. “ஏண்ணே ஒரு வார்த்த சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன? கொள்ளி வெக்க நான் வரல. அது உண்மைதானே. மொட்ட அடிச்சேன்னு சொன்னா அது சாக்குதான்.” பிறகு முறுக்கை உடைத்தபடி சொன்னார், “தம்பி எடத்துல நான் இருந்தா நானும் கோபப்பட்டிருப்பேன்.”

அப்பா எழுந்து, நாய்க்குச் சோறு வைக்க வேண்டும் என்று வெளியே போனார். எங்களுக்கு நாய் கிடையாது. பக்கத்து வீட்டு நாய்க்கு அன்று நெய்ச்சோறு கிடைத்தது.

அதன் பிறகு உடனே எதுவும் மாறவில்லை. அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் அப்படிக் கேட்கிறவரும் இல்லை. என் வழியாகப் பேசுவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது. காலையில் கோப்பி கலக்கும்போது இரண்டு கோப்பை எடுத்தார். ஒருநாள் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை உருவி, ஒன்றும் சொல்லாமல், பெரியப்பா பக்கம் நகர்த்தினார். பெரியப்பாவுக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை. கடைசி வரி வரை படித்தார்.

டிசம்பரில் தாத்தாவின் திதி வந்தது. சாம்பலைக் கரைத்த இடத்திலேயே கொடுப்பது எங்கள் வழக்கம்: கேரி தீவில், பழைய படகுத்துறையில். அப்பா கார் ஓட்ட, பெரியப்பா முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பெண்களும் பின்னால், வாழை இலையும் பூவும் மடியில். பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அப்பா வழக்கமாக ஹாரன் அடிப்பார், அன்று அடிக்கவில்லை.

துறை என்று சொன்னால் இப்போது சில கட்டைகள்தான். தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. சேற்றில் மீன்கள் துள்ளித் துள்ளி ஓடின. கட்டை ஒன்றில் கயிறு அறுத்த தடம் ஆழமாக இருந்தது. பெரியப்பா அதில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

தோட்டத்துக் கோயில் பூசாரி இலையை விரித்து, பிண்டம் பிடிக்கச் சொல்லி, தட்டில் கற்பூரம் ஏற்றி அப்பாவிடம் கொடுத்தார். பெரியப்பா வழக்கம்போல எங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அப்பா தட்டோடு திரும்பினார்.

“அண்ணே.”

“ம்.”

“ஒப்படைச்சேன்.”

பெரியப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்தச் சொல் வராவிட்டால் செல்லாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், பூசாரியைத் தவிர. அப்பா கையை நீட்டியபடியே நின்றார். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது.

“யாராச்சும் ஒருத்தர் பிடிங்க லா,” பூசாரி அலுத்துக்கொண்டார். “கற்பூரம் அணைஞ்சிரும்.”

“எடுத்துக்கிட்டேன்” என்றார் பெரியப்பா.

தட்டை வாங்கினார். ஆற்றைப் பார்த்துக் காட்டினார். பிறகு கீழே வைத்துவிட்டு, சலவை செய்த கால்சட்டையோடு, அந்தச் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார். அவரைத் தூக்கிவிட்டது அப்பா. காரில் இருக்கை முழுக்கச் சேறு. அத்தை வழியெல்லாம் அழுதுகொண்டே, இருக்கைத் துணியை எப்படித் துவைப்பது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூரையைச் சரிசெய்து கொடுத்தார்கள். பெரியப்பா சட்டைகளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனார். ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது அப்பா.

இப்போதைய நிலை இது. பெரியப்பா அதே வீட்டில் இருக்கிறார். உட்கூரையில் பழைய நீர்க்கறை ஒன்று இன்னும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருவார், அப்பாவோடு சாப்பிடுவார். முழங்கால் தேய்ந்துவிட்டதால் துறைக்கு இறங்க அவரால் முடியவில்லை. போன டிசம்பரில் காருக்குப் பக்கத்தில் நின்றபடி தட்டை அப்பாவிடம் வாய்விட்டு ஒப்படைத்தார். அப்பா வாய்விட்டு எடுத்துக்கொண்டார். அப்பாவுக்கும் இரத்த அழுத்தம் இருக்கிறது. அடுத்து யார் என்ற பேச்சு வந்தது. பொம்பளப் பிள்ளை செய்யலாமா என்று அத்தை கேட்டார். தகுதி இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார் பெரியப்பா. அப்பாவும் பெரியப்பாவும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அதனால் தட்டு இன்று அப்பாவிடம் இருக்கிறது.